நூற்றிருபதில் நின்ற எண்

துப்பறிவாளர் எந்த நாளும் அன்றைய செய்தித்தாளை அன்றைக்கு வாசித்ததில்லை. காலையில் வாசலில் வந்து விழும் தாளை மடிப்புக் கலையாமல் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். முந்தின நாள் பூட்டியதை வெளியே எடுத்து, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாக வாசிப்பார். செய்தி என்பது புதிதாகப் பூசிய சுவர் போன்றது, ஒரு நாள் காய்ந்தால்தான் விரிசல் எங்கே என்று தெரியும் என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியின் பயனாக, புயல் எச்சரிக்கை வந்த நாள்களில் குடையில்லாமல் நனைந்திருக்கிறார். தேர்தல் முடிவைத் தெருவே கொண்டாடி ஓய்ந்த மறுநாள் அவர் ஒருவர் மட்டும் தனியாக வியந்திருக்கிறார். இருபது ஆண்டுகளாகியும் பழக்கம் மாறவில்லை.

அவருடைய மனைவியின் தம்பிக்கு இந்தப் பழக்கம் அடியோடு பிடிக்காது. முப்பது ஆண்டுகள் பேருந்துகளில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் மனைவி ஒட்டடைக் குச்சியைக் கையில் கொடுத்துவிடுவாள் என்று அஞ்சி, அத்தானிடம் உதவியாளராகத் தஞ்சம் புகுந்திருந்தார். ஓய்வு பெற்றாலும் பட்டம் ஓய்வு பெறவில்லை. தெரு அவரைச் செக்கர் என்றே அழைத்தது.

"அத்தான், இன்னிக்கு மழைன்னு போட்டிருக்கான்."

"அதை நாளைக்குப் பார்த்துக்கலாம் மச்சான்."

"நாளைக்கு நமக்குச் சளி பிடிச்சிருக்கும். அந்தச் செய்தி பேப்பர்ல வராது."

அப்போது வாசலில் நிழல் தட்டியது. வந்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. மருந்துக்கடையில் அணியும் வெள்ளை மேலங்கியைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருந்துக்கடைக்கு உரிமையாளரும் மருந்தாளுநரும் அவரேதான். செக்கருக்கு அவரைத் தெரியும். இந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டு வரக்கூடியவர் அல்லர் என்பதும் தெரியும்.

"உட்காருங்கக்கா. கடையில யாரு?"

"யாரும் இல்லை. வாங்க வர்றவங்களும் இல்லை. பதினோரு நாளாச்சு."

அவர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அது மருந்து ஆய்வாளருக்கு எழுதப்பட்ட புகார் மனுவின் நகல். எழுதியவர், பெரிய தெருவிலுள்ள நகைப் பட்டறை மாஸ்டரின் மனைவி. மருந்துக்கடையில் தம் கணவருக்குப் போலி மாத்திரை விற்கப்படுகிறது என்பது புகார். இன்று மாலை நான்கு மணிக்கு நேரில் வந்து கொடுக்கப்போவதாக முன்கூட்டியே நகலையும் அனுப்பியிருந்தார். எதிரிக்கு நாள் குறித்துவிட்டுப் படையெடுக்கும் நேர்மை அந்த அம்மாளுக்கு இருந்தது.

"மனு உள்ளே போச்சுன்னா கடைக்குப் பூட்டு," என்றார் மருந்தாளுநர். "மாத்திரையை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாங்க. முடிவு வர ரெண்டு மாசம். நான் நல்லவள்னு தெரிய வர்றப்போ கடையில நான் இருக்க மாட்டேன். வேற யாராவது செருப்பு வித்துக்கிட்டு இருப்பாங்க."

"என்ன மாத்திரை?" என்றார் துப்பறிவாளர்.

"ஸ்டாட்டின். கெட்ட கொழுப்பைக் குறைக்கிறது. மாஸ்டருக்கு முதல்ல நூத்தித் தொண்ணூறு இருந்துச்சு. டாக்டர் பத்து மில்லிகிராம் எழுதினாங்க. மூணு மாசத்துல நூத்தி இருபது ஆச்சு."

"நல்லா இறங்கியிருக்கே."

"நல்லாத்தான் இறங்கிச்சு. ஆனா அவருக்கு இதயத்துக்குப் போற குழாய் ஒண்ணு கொஞ்சம் சுருங்கியிருக்கு. அதனால நூறுக்குக் கீழே வந்தே ஆகணும்னு டாக்டர் பத்தை நாப்பது ஆக்கினாங்க. மறுபடி மூணு மாசம் கழிச்சுப் பார்த்தா நூத்தி இருபத்தியொண்ணு."

செக்கர் விரலை மடக்கினார். "நாலு மடங்கு மருந்து. பலன், ஒண்ணு கூடிப்போச்சு. அக்கா, தப்பா நினைக்காதீங்க, அந்தம்மா இடத்துல நான் இருந்தாலும் மனுதான் எழுதியிருப்பேன்."

"அதுல பாதி தப்புங்க," என்றார் மருந்தாளுநர். "நாலு மடங்கு மருந்துன்னா நாலு மடங்கு இறங்காது. முதல் பத்து மில்லிகிராம்தான் பெரிய வேலையைச் செய்யும். அதுக்கு மேல அளவை ரெட்டிப்பாக்கினா, ஆரம்பத்துல இருந்த எண்ணுல நூத்துக்கு ஆறு பங்குதான் கூடுதலா இறங்கும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்."

துப்பறிவாளர் நேற்றைய தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "பத்து, இருபது, நாற்பது. ரெண்டு தடவை ரெட்டிப்பு. நூத்துக்குப் பன்னிரண்டு. அப்படின்னா இருபத்திமூணு இறங்கணும். நூத்தி இருபது, தொண்ணூத்தியேழு ஆகணும்."

"ஆகணும். ஆகலையே."

துப்பறிவாளர் சாய்வு நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். செக்கருக்கு இதன் பொருள் தெரியும். கதை வரப்போகிறது.

"ஒரு குரங்கு மாமரத்தைக் குலுக்கிச்சாம் மச்சான். பழுத்தது அத்தனையும் பொலபொலன்னு விழுந்துச்சு. ரெட்டை பலத்தோட மறுபடி குலுக்கிச்சு. நாலஞ்சு விழுந்துச்சு. குரங்குக்குப் பேராசை. காட்டுக்குள்ள போயி யானையை அனுப்பிச்சு, குலுக்கச் சொல்லிட்டு வந்து படுத்துக்கிச்சு. சாயங்காலம் வந்து பார்த்தா முதல் தடவை மாதிரி குவியல் இல்லை. மரம் ஏமாத்துதுன்னு சிங்கத்துக்கிட்ட வழக்குப் போட்டுச்சாம்."

"புரியுது. அந்தம்மா குரங்கு, அக்கா மரம்."

"அந்தம்மா காதுல விழற மாதிரி சொல்லிடாதே."

"ஆனா அத்தான், யானை குலுக்கினா நாலு பழமாச்சும் விழணும். இங்க ஒண்ணுகூட விழலையே."

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். யானை குலுக்கியும் ஒரு பழம்கூட விழலைன்னா, மரத்துல தப்பு இருக்கோ இல்லையோ, யானை வரவே இல்லைன்னு அர்த்தம்." அவர் மருந்தாளுநரைப் பார்த்தார். "உங்க மாத்திரை வெறும் சுண்ணாம்பா இருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"எண்ணு பழையபடி நூத்தித் தொண்ணூறுக்கு ஏறியிருக்கும்."

"ஏறலை. இறங்கவும் இல்லை. நின்ன இடத்துல நிக்குது. அதாவது அவர் உடம்புக்குள்ள இன்னமும் தினம் பத்து மில்லிகிராம் மட்டும்தான் போகுது."

"அப்பாடா, கடை தப்பிச்சுது," என்றார் செக்கர்.

"தப்பிக்கலைங்க," என்றார் மருந்தாளுநர் மெல்ல. "நாப்பதுன்னு அட்டையில அச்சடிச்சு உள்ளே பத்துதான் வச்சிருக்கேன்னும் இதே எண்ணை வச்சுச் சொல்லலாமே. அப்படிச் செய்யறவள் சுண்ணாம்பு விக்கிறவளைவிடக் கெட்டிக்காரி."

துப்பறிவாளர் சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். தமக்கு எதிரான ஓட்டையைத் தாமே சுட்டிக்காட்டும் கட்சிக்காரர் அவருக்கு வாய்த்தது இதுவே முதல் முறை. சுவரில் மணி பதினொன்றரை.

"மச்சான், குடையை எடு. மழை வர்ற மாதிரி இருக்கு."

மாஸ்டரின் வீட்டுக்கூடத்தில் எல்லாப் பொருளும் மற்றொரு பொருளுக்கு நேர்கோட்டில் நின்றது. மாஸ்டரின் மனைவி அவர்களை உட்காரவைத்தார், தண்ணீர் கொடுத்தார், பிறகு எதிரில் அமர்ந்து ஒரு கோடு போட்ட நோட்டைப் பிரித்தார். தேதி, மில்லிகிராம், எண். மூன்று பத்திகள், மூன்று நிற மை.

"நான் யாரு மேலயும் அபாண்டம் சொல்றவள் இல்லைங்க. நோட்டைப் பாருங்க. பத்துக்கு எழுபது இறங்கிச்சு. அப்போ நாப்பதுக்கு எவ்வளவு இறங்கணும்? நீங்களே சொல்லுங்க."

செக்கர் சொன்னார். "இருநூத்தி எண்பது."

"அப்படிச் சொல்லுங்க."

"அவர்கிட்ட மொத்தமா இருந்ததே நூத்தித் தொண்ணூறுதானேம்மா. மிச்சம் தொண்ணூறை யாரு கொழுப்புல இருந்து எடுக்கறது?"

அம்மாள் செக்கரைப் பார்த்த பார்வையில், பயணச்சீட்டு இல்லாமல் பிடிபட்டவர் தாம்தானோ என்று அவருக்கே ஐயம் வந்தது. ஆனால் அம்மாளின் கண் திரும்பவும் நோட்டுக்குப் போயிற்று. அந்தக் கழித்தலை அவர் இதுவரை போட்டுப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"சரி, அதை விடுங்க. ஒண்ணுகூடக் குறையலையே. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அதுக்குத்தான் வந்திருக்கோம்," என்றார் துப்பறிவாளர். "மாத்திரையை அவர் ஒழுங்கா எடுத்துக்கிறாரா?"

"எடுக்காம விட்டுடுவேனா? சனிக்கிழமை தோறும் காலி அட்டையை என் கையில கொண்டுவந்து கொடுக்கணும். எண்ணித்தான் புது அட்டை. ஒரு நாள்கூடத் தப்பினதில்லை."

"எப்போ சாப்பிடுவார்?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், பட்டறையில. ஒண்ணரைக்கு அவர் போன்ல மணி அடிக்கும். நான்தான் வச்சுக் கொடுத்தேன். சாப்பாடும் நான் கொடுத்தனுப்பறதுதான். வேகவச்சது மட்டும். எண்ணெய்ங்கிறதை இந்த வீடு பார்த்து ஆறு மாசம் ஆச்சு." அவர் நோட்டை மூடினார். "அந்த மனுஷன் ஒரு வார்த்தை முணுமுணுக்காம சாப்பிடறார். அப்படிப்பட்டவருக்குப் போலி மருந்தைக் கொடுத்தா வயிறு எரியுமா எரியாதா?"

படியிறங்கும்போது செக்கர் கேட்டார். "அட்டை ஒழுங்கா காலியாகுது. மாத்திரை மாயமாப் போகுது. தூக்கி எறியறாரோ?"

"எறியறவர் எல்லாத்தையும் எறிவார். இவர் ஒழுங்கா பத்து மில்லிகிராம் மட்டும் எடுத்துக்கிட்டு முப்பதை விடறார். நாப்பதுல பத்தை மட்டும் எடுக்கணும்னா என்ன செய்யணும்?"

"நாலாக் கீறணும். ஆனா அந்தத் துளியூண்டு மாத்திரையை யாரு சரிசமமா நாலாக் கீற முடியும்?"

கேட்டு முடிப்பதற்குள் செக்கருக்கே விடை தெரிந்துவிட்டது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது நகைப் பட்டறைக்கு.

பட்டறை மாடியில் இருந்தது. இரும்புக் கம்பிக் கதவுக்கு உள்ளே நீண்ட மரப்பலகை ஒன்று. அதையொட்டி நான்கு முக்காலிகள், நான்கு விளக்குகள், நான்கு பேர். பலகையின் விளிம்பிலிருந்து ஒவ்வொருவர் மடியையும் மூடியபடி தோல் விரிப்பு தொங்கியது. அரத்தில் உதிரும் பொன்துகள் அதில் விழும். அங்கே குப்பை என்று ஒன்று கிடையாது. பெருக்கிய தூசியைச் சேர்த்துவைத்து உருக்குவார்கள். உள்ளே வருபவரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வெளியே போகிறவர் மட்டும் வாசல் தொட்டியில் கை கழுவிவிட்டுத்தான் போகவேண்டும். அந்தத் தண்ணீரும் வீணாகாது.

"என் கையில ஒட்டியிருக்கிறது பஸ் கம்பித் துருதான்," என்றார் செக்கர். "கழுவினா உங்களுக்கு நஷ்டம்."

மாஸ்டர் சிரிக்கவில்லை. அறுபதை நெருங்கியவர். நிறையில் குந்துமணியளவும் குறைக்காதவர் என்று பெயரெடுத்தவர். வாடிக்கையாளர்கள் அவரைப் பத்தரைமாற்று என்றே குறிப்பிடுவார்கள். அவருக்கு இடப்புறம் சங்கிலிக்குக் கொக்கி வைப்பவர், பெயரும் கொக்கி. அடுத்து மெருகு போடுபவர், பெயர் மெருகு. கடைசியில் கல் பதிப்பவர். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் செய்வதால் அவருக்கு வக்கீல் என்று பெயர். நால்வரும் ஒரே பலகையில் முப்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்தார்கள்.

செக்கரின் கண் பரபரவென்று பலகையை மேய்ந்தது. மாஸ்டரின் தோல் விரிப்பு மூலையில் மஞ்சள் துகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ. அவர் வெற்றிப் பெருமிதத்துடன் அதை விரலால் தொட்டார்.

"இது என்னங்க மாஸ்டர், வெள்ளையா?"

"வெண்காரம்," என்றார் மாஸ்டர். "பொடி வச்சுப் பத்தும்போது, அதாவது நகைத் துண்டுகளைச் சூடாக்கி ஒட்டும்போது, தூவறது. இது இல்லாத நகைப் பட்டறை உலகத்துல கிடையாது. நாக்குல வச்சுடாதீங்க."

செக்கர் விரலைத் துடைத்துக்கொண்டார். மெருகு குனிந்து வேலையில் மூழ்கினார். அவருடைய தோள் மட்டும் சிரித்தது.

துப்பறிவாளர் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த தராசைப் பார்த்தபடி நின்றார். "எவ்வளவு நுணுக்கமா நிறுக்கும்?"

"மில்லிகிராம் வரைக்கும்."

அந்தக் கணத்தில் மாஸ்டரின் கைப்பேசியில் மணி அடித்தது. ஒன்றரை. மாஸ்டர் அதை அவசரமாக அணைத்தார். "ஒண்ணுமில்லை, மாத்திரைக்கு. அப்புறம் போட்டுக்கலாம்."

அடித்தது ஒருவருடைய மணி. ஆனால் அரத்தைக் கீழே வைத்தவர்கள் நால்வர். கொக்கியின் கை தன் தண்ணீர்க் குவளைவரை போய், விருந்தாளிகளைப் பார்த்ததும் காது சொறியத் திரும்பியது. செக்கர் அதைக் கவனித்தார். பேருந்தில் பரிசோதகர் ஏறியதும் சன்னலுக்கு வெளியே இயற்கை அழகை ரசிக்கத் தொடங்கும் கைகள் அவருக்கு நன்கு பழக்கம்.

துப்பறிவாளர் சட்டைப்பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

"மாஸ்டர், உங்க வீட்டம்மா எழுதின மனு இது. நாலு மணிக்கு ஆய்வாளர் கையில போயிடும். கடைசிப் பத்தியை நீங்க படிச்சீங்களா?"

"இல்லை. எல்லாம் அவள்தான் எழுதினாள்."

"நான் வாசிக்கறேன். 'மேற்படி மாத்திரையில் என்ன நஞ்சு கலந்துள்ளது என்பது கடவுளுக்கே வெளிச்சம். அதை உட்கொண்ட எவருக்கும் ஈரல் கெட்டுப்போயிருக்க வாய்ப்புண்டு. ஆகையால், அதை உட்கொண்ட ஒவ்வொருவரையும் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'"

நான்கு முக்காலிகளும் ஒரே நேரத்தில் பின்னுக்கு நகர்ந்தன.

பிறகு மெருகு தம் விலாவைத் தடவியபடி தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஈரல் வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"வாயை மூடுய்யா," என்றார் வக்கீல். அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. "மனுவுல எழுதினா உண்மையாயிடுமா? ஆதாரம் எங்கே?"

"உங்க நெத்தியில," என்றார் செக்கர். அத்தானிடம் திரும்பினார். "முப்பது வருஷமா பார்த்துப் பார்த்துச் சலிச்ச முகம் அத்தான் இதெல்லாம். ஒரு டிக்கெட்டுல நாலு பேர் பயணம்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். வழக்கமாக வாயால் பிழைக்கும் வக்கீல்தான் உண்மையையும் சொல்லவேண்டி வந்தது.

ஆறு மாதத்துக்கு முன் தெருமுனையில் இலவச மருத்துவ முகாம் நடந்தது. நால்வரும் போய் விரலை நீட்டினார்கள். நால்வருக்கும் கொழுப்பு அதிகம். மாஸ்டரின் சீட்டை மட்டும் அவர் மனைவி சட்டைப்பையிலிருந்து எடுத்துவிட்டார். மற்ற மூவரும் தங்கள் சீட்டைக் கிழித்துப் போட்டார்கள்.

"ஏன்?" என்றார் துப்பறிவாளர்.

"மாஸ்டர் சாப்பாட்டைப் பார்த்தீங்களா? வேகவச்ச காய், வேகவச்ச காய், அதுக்குத் தொட்டுக்க வேகவச்ச காய். வீட்டுக்குத் தெரிஞ்சா எங்க கதியும் அதுதான். மருந்து வேணும், வறுவலும் வேணும்."

"அப்புறம்?"

"அப்புறம் மாஸ்டருக்குப் பத்து, நாப்பதாச்சு. நான் ஒரு மருத்துவக் கட்டுரையில படிச்சிருந்தேன், முதல் பத்துதான் பெரிய வேலையெல்லாம் செய்யும், மேல மேல ஏத்தினா சொற்பம்தான் இறங்கும்னு. யோசிச்சுப் பாருங்க. ஒருத்தர் நாப்பதையும் சாப்பிட்டா அவருக்குக் கூடுதலா கொஞ்சம் பலன். நாலு பேரும் ஆளுக்குப் பத்து சாப்பிட்டா நாலு பேருக்கும் பெரும்பலன். கணக்கு தப்பா?"

நேர்மையாகச் சொன்னால் கணக்கு தப்பு இல்லை. வைத்தியம்தான் தப்பு.

"உங்க மூணு பேருக்கும் எவ்வளவு இறங்கிச்சு?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியாதுங்க," என்றார் கொக்கி. "ரத்தம் பார்த்தா வீட்டுக்குத் தெரிஞ்சிடும்."

"நல்லது. இறங்கிச்சான்னு தெரியாத மூணு பேருக்காக, இறங்கியே ஆகணும்கிற ஒருத்தர் தன் பங்கைக் கொடுத்துட்டார். அவருக்குக் குழாய் சுருங்கியிருக்கு. நீங்க சொல்ற அந்தச் சொற்பம்தான் அவருக்கு வேண்டியது."

மாஸ்டர் முதல் முறையாக நிமிர்ந்தார். "அவங்களைச் சொல்லாதீங்க. முடி மாதிரி ரம்பம் வச்சு அறுத்தது நான். நிறுத்து நிறுத்துக் கொடுத்ததும் நான். ஒரு பலகையில உட்கார்ந்தவங்க நாலு பேர், ஒருத்தனுக்கு மருந்து, மூணு பேருக்கு வெறும் தண்ணியான்னு இருந்துச்சு. நாப்பதுன்னதும் எனக்குள்ள ஒரு பயமும் இருந்துச்சு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுதானே."

"டாக்டர் சொன்ன அளவு மிஞ்சின அளவு இல்லைங்க. சரி, அது உங்க உடம்பு. ஆனா மருந்துக்கடை அம்மா மேல பழி விழுந்தப்போ ஏன் வாயைத் திறக்கலை?"

மாஸ்டர் தராசைப் பார்த்தார். "திறந்தா இவங்க மூணு பேர் வீட்டுலயும் தெரியும். என் வீட்டுலயும் தெரியும். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு பதினோரு நாள் போயிடுச்சு. என் கையால ஒரு குந்துமணி குறைஞ்சதில்லைன்னு ஊரே சொல்லும். அந்தம்மாவோட பேரை மட்டும் குறைச்சுட்டேன்."

அவர் தோல் விரிப்பை விலக்கி எழுந்தார். மற்ற மூவரும், யாரும் சொல்லாமலே, எழுந்தார்கள். வாசல் தொட்டியில் ஒருவர் பின் ஒருவராகக் கை கழுவினார்கள்.

மாஸ்டர் வீட்டில் நடந்ததைச் செக்கர் வாசலில் நின்றபடியே கேட்டார். உள்ளே போகும் துணிவு அவருக்கு வரவில்லை. முதலில் மாஸ்டரின் குரல் நெடுநேரம் தாழ்வாகக் கேட்டது. பிறகு அம்மாளின் குரல், அதைவிடத் தாழ்வாக.

"ஒரு மாத்திரையைச் சரிசமமா நாலாக்கத் தெரியுது. ஒரு உண்மையை ஒழுங்கா ஒண்ணாச் சொல்லத் தெரியலையா? நான் அந்தம்மாவைத் தெருவுல போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் திருடின்னு சொல்லிட்டேனே."

பாத்திரம் எதுவும் பறக்கவில்லை. அது இன்னும் மோசமான அறிகுறி என்பது மணமான செக்கருக்குத் தெரியும்.

மணி மூன்றரைக்கு மருந்துக்கடையின் முன் ஆறு பேர் நின்றார்கள். மாஸ்டர், அவர் மனைவி, பட்டறைக்காரர்கள் மூவர், மழைக்கு ஒதுங்கியவர்போல் குடையுடன் செக்கர். துப்பறிவாளர் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து மருந்தாளுநரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்.

மாஸ்டரின் மனைவி கைப்பையைத் திறந்தார். மனுவின் மூலப்படியை எடுத்து மேடைமேல் வைத்து, இரண்டாகக் கிழித்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க. கணக்குத் தெரியாம ஒரு கணக்கு எழுதிட்டேன்."

மருந்தாளுநர் அந்தத் துண்டுகளைப் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்தது. அதைக் காட்டும் பழக்கம்தான் இல்லை.

"காகிதத்தைக் கிழிச்சுட்டீங்க. சரி. தெருவுல சொன்னதை எப்படிக் கிழிக்கப் போறீங்க?"

அம்மாளின் நோட்டில் அதற்கான பத்தி இல்லை. மருந்தாளுநர் அவரை விட்டு மற்ற மூவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க மூணு பேரும் வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

மெருகு ஒன்றுமில்லை என்றார். வக்கீல் தூக்கத்துக்கு ஏதோ என்றார். கொக்கி தயங்கினார். "நகத்துல பூஞ்சைன்னு ஒரு மாத்திரை. ரெண்டு மாசமா."

"தொடையிலயும் கெண்டைக்காலிலயும் வலி இருக்கா?"

"இருக்கு. முக்காலியில உட்கார்ந்து உட்கார்ந்துன்னு நினைச்சேன்."

"பூஞ்சை மாத்திரைகள்ல சிலது இதோட சேரக் கூடாது. சேர்ந்தா தசையைக் கெடுக்கும். இன்னிக்கே டாக்டரைப் பாருங்க, அட்டையைக் கையோட கொண்டு போங்க. அவங்க சொல்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க." அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொக்கியிடம் கொடுத்தார். தம் கடையைப் பதினோரு நாள் பட்டினி போட்டவர்களில் ஒருவர் அவர் என்பது கையெழுத்தில் எங்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்ற மாஸ்டர் முகம் வெளுத்திருந்தது. நண்பருக்கு நிறுத்துக் கொடுத்தது என்ன என்று அவருக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் மேடைக்கு முன்னால் கிடந்த முக்காலியை இழுத்து வாசற்படிக்கு அருகில் போட்டார்.

"அம்மா, என்னால உங்க கடைக்குப் பதினோரு நாள் ஆள் வரலை. தினம் நாலு மணியிலிருந்து கடை சாத்தற வரைக்கும் பதினோரு நாள் இங்க உட்காரறேன். வர்றவங்க, வராம எட்டிப் பார்த்துட்டுப் போறவங்க, எல்லார்கிட்டயும் என் வாயால சொல்றேன். இவள் மத்தியானம் வந்து உட்காருவாள். சொன்ன வாயே திருப்பியும் சொல்லணும்."

மாஸ்டரின் மனைவி மறுக்கவில்லை.

"பட்டறை?" என்றார் மருந்தாளுநர்.

"இவங்க மூணு பேரும் பார்த்துப்பாங்க. என் கடனைக் கழிக்க இவங்க நேரத்தையாவது கொடுக்கட்டும்."

அப்போது எதிர்ச்சாரியில் ஒரு பெண்மணி கையில் மருந்துச் சீட்டுடன் நின்றார். கடையைப் பார்த்தார், வேறு கடைக்குப் போகத் திரும்பினார். மாஸ்டர் எழுந்தார். தெருவைக் கடந்து போனார். அவர் கைகூப்பியதும், தம் நெஞ்சைத் தொட்டுக் காட்டியதும், நாலு விரலைக் காட்டிப் பிறகு ஒரு விரலைக் காட்டியதும் இங்கிருந்து தெரிந்தன. பேச்சுக் கேட்கவில்லை. அந்தப் பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஒருமுறை சிரித்தார். ஒருமுறை முகத்தைச் சுளித்தார். பிறகு தெருவைக் கடந்து வந்து சீட்டை மேடைமேல் நீட்டினார்.

மருந்தாளுநர் மூக்குக்கண்ணாடியை அணிந்து சீட்டை வாசித்தார். மாஸ்டர் மூச்சு வாங்க முக்காலிக்குத் திரும்பினார்.

"இன்னும் கொஞ்சம் ஓரமாப் போட்டு உட்காருங்க," என்றார் மருந்தாளுநர், அலமாரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வர்றவங்களுக்கு வழி வேணும்."

மாஸ்டர் முக்காலியை ஓரமாக நகர்த்தி உட்கார்ந்தார்.